இன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது? (ஊரடங்கு நாட்களுக்கான இழை)

கூடல்நகர் | மதுரை | 28 மார்ச் 2020, இரவு 9.40

நான்கு வருடமாக நாம் குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறோம். ஐந்தெழுத்துப் பூ என்றால் முதலில் யார் விடை போடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது. 24ஆம் தேதி மாலை 6 மணிக்கு 144 போட்டதிலிருந்து உங்கள் நினைவாகவே இருக்கிறது. அதனால் இந்த இழை.

ஒரே ஒரு வேண்டுகோள். தொற்று எண்ணிக்கை தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடுகிறது, அது இங்கே வேண்டாம். இன்று உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

நானே தொடங்குகிறேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை நான். என் பிள்ளைகள் நேற்று முதல் தேர்வு எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போய்விட்டது. வீட்டில் நான், கணவர், என் அம்மா. அம்மாவுக்கு 72 வயது. மிக்ஸி காலையில் நின்றுவிட்டது, பழுது பார்க்கும் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. பதினோரு வருடமாகத் துளசி மாடத்தின் பக்கத்தில் கிடந்த அம்மியை அம்மா கழுவி, துவையல் அரைத்தார். ‘கை மறக்கலடி’ என்று இரண்டு முறை சொன்னார். மத்தியானம் நான்கு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

நொய்யல் | திருப்பூர் | 28 மார்ச் 2020, இரவு 10.25

நல்ல யோசனைங்க அக்கா. நான் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக்கும் பேட்லாக்கும் சேர்த்து 14 தையல் மெஷின். இப்போது எல்லாவற்றின் மேலும் துணி போர்த்திக் கிடக்கிறது. என்னிடம் வேலை செய்யும் ஆறு தம்பிகள் ஒடிசாக்காரர்கள், பின்னால் இருக்கிற லைன் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். இன்றைக்கு அவர்களோடு சேர்ந்து ரொட்டி போட்டேன். முதல் ரொட்டி இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. ஏழாவது ரொட்டி வட்டமாக வந்ததும் ஆறு பேரும் கை தட்டினார்கள்.

கொத்தவால்சாவடி | சென்னை | 29 மார்ச் 2020, பகல் 1.10

அப்பா அந்தக் காலத்தில் கொத்தவால்சாவடியில் கீரை மண்டி வைத்திருந்தார், இந்தப் பெயர் அதனால் வைத்தது. 1996இல் மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்களே, அப்போது நானும் அவரோடு வந்தேன். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை கமிஷன் வியாபாரம். காய்கறி அத்தியாவசியம் என்பதால் தினமும் இரவு போகிறேன். விடிந்து வீட்டுக்கு வந்ததும் கொல்லையிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன்.

இன்று நடந்தது: ஒன்பது வயது மகன் சைக்கிள் கற்றுக்கொண்டான். எங்கள் தெருவில் ஒரு நாளும் முடியாத காரியம் அது. காலை ஐந்தரை மணிக்கு ஒரு வண்டிகூட இல்லை. நான் பின்னால் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு தெருமுனை வரை தனியாகவே போய்விட்டான்.

வாய்க்கால்மேடு | திருவையாறு | 2 ஏப்ரல் 2020, மாலை 6.30

எல்லோருக்கும் வணக்கம். பூவன் வாழை ஒரு ஏக்கர் வெட்டும் பருவத்தில் நிற்கிறது. வியாபாரி வரவில்லை. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, வாழைக்கு வேறு போக்கிடம் ஏது? இன்று பதினெட்டுத் தார் வெட்டி, வீட்டுக்கு ஒரு சீப்பு என்று தெரு முழுக்கக் கொடுத்தோம். மீதியை மாடு தின்றது. வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கடைசி வீட்டுப் பாட்டி சீப்பை வாங்கிக்கொண்டு, மடியில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன், விடவில்லை. அந்தப் பத்து ரூபாயைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

கடல்தாண்டி | சிங்கப்பூர் | 6 ஏப்ரல் 2020, இரவு 11.15

நான் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே கட்டுமான வேலை, விடுதியில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர். நேற்று இரண்டு விடுதிகளைத் தனிமைப்படுத்தி மூடினார்கள். எங்களுடையது அதில் இல்லை, ஆனால் நாளையிலிருந்து சர்க்கிட் பிரேக்கர் என்று ஊர் முழுக்க அடங்குகிறது. மனைவி ஏழாவது மாதம் முடிந்து எட்டில் இருக்கிறாள். மே மாதம் ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தேன். அது இனி நடக்காது.

இன்று நடந்தது: முடி வெட்டக் கற்றுக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் வங்காளதேசத் தம்பி தைரியமாகத் தலையைக் கொடுத்தான். ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடி பார்த்து ‘பாலோ, பாலோ’ என்றான். நல்லா இருக்கிறது என்று அர்த்தமாம்.

கூடல்நகர் | 6 ஏப்ரல் 2020, இரவு 11.40

தம்பி, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எட்டாம் மாதம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மனைவியிடம் சொல்லச் சொன்னார்: இரவில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும், மத்தியானம் உப்புப் போட்ட மோர், கால் வீங்கினால் தாமதிக்காமல் நர்சைப் பார்க்க வேண்டும். இன்றிலிருந்து தினமும் இரவு இந்த இழையை அம்மாவுக்கு வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

பொருநை | பாளையங்கோட்டை | 11 ஏப்ரல் 2020, இரவு 8.05

அம்மா சொன்னது எல்லாம் சரி. அத்தோடு பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. நான் அரசு மருத்துவமனையில் செவிலியர், கொரோனா வார்டில் போட்டிருக்கிறார்கள். ஏழு நாள் வேலை, அப்புறம் விடுதியில் தனிமை. வீட்டுக்குப் போக முடியாது. கவச உடையைப் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, முகத்தைச் சொறியவும் முடியாது.

இன்று என் ஆறு வயது மகளுக்கு முதல் பல் விழுந்தது. வீடியோவில் வாயைத் திறந்து காட்டினாள். எங்கள் ஊரில் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிவோம். மாமியார் எறியச் சொன்னாராம், அவள் மாட்டேன் என்றாளாம். ‘அம்மா வந்தப்புறம்தான் எறிவேன்’ என்று பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அழைப்பை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். இப்போது சரியாகிவிட்டேன்.

நொய்யல் | 11 ஏப்ரல் 2020, இரவு 9.00

பொருநை அக்கா, பாப்பாவிடம் சொல்லுங்க, டப்பாவைப் பத்திரமாக வைக்கச் சொல்லி திருப்பூர் மாமா சொன்னதாக. நாங்கள் இன்று காட்டன் பனியன் துணியில் இரண்டு மடிப்பு முகக்கவசம் தைக்கத் தொடங்கினோம். அனுமதி வாங்கி, நான்கு மெஷின் மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறோம். பதினெட்டு நாளைக்கு அப்புறம் மெஷின் சத்தம் கேட்டது. என் மனைவி வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

கொத்தவால்சாவடி | 26 ஏப்ரல் 2020, காலை 9.20

இன்றிலிருந்து நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், நேற்று கோயம்பேட்டில் கூடிய கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். பொங்கலுக்கு முந்தின இரவில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஆள் மேல் ஆள். எல்லோருக்கும் பயம், வீட்டில் காய் இல்லாமல் போய்விடுமோ என்று. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் தொண்டை கரகரக்கிறது, கத்திக் கத்தி விலை சொன்னதால் இருக்கும். மகன் இன்று ஹேண்டில்பாரில் ஒரு கையை விட்டு ஓட்டுகிறான்.

கூடல்நகர் | 4 மே 2020, பகல் 12.15

மீனாட்சி கல்யாணம் இன்று. கோயிலுக்குள் ஒரு சில பட்டர்கள் மட்டும் இருந்து நடத்தினார்கள், நாங்கள் நேரலையில் பார்த்தோம். திருமாங்கல்யம் ஏறும் நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து நானும் புதுக் கயிறு மாற்றிக்கொண்டேன். மஞ்சள் அரைத்துக் கொடுத்தது அம்மா, அதே அம்மியில். மாடியில் நின்று பார்த்தால் எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே மேளச் சத்தம்.

கொத்தவால்சாவடி அண்ணனை எட்டு நாளாகக் காணவில்லையே, யாராவது பேசினீர்களா?

பொருநை | 6 மே 2020, மாலை 5.50

பல்லை எறிந்தாயிற்று!

முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்து, தனிமைக் காலம் முடிந்து நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவள் ஓடி வரவில்லை. அப்பா சொல்லி வைத்திருந்தார் போல, தூரத்திலேயே நின்று டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். குளித்துவிட்டு வந்தபின் பக்கத்து வீட்டில் சாணி வாங்கி, உருட்டி, மூன்று முறை சுற்றி எறிந்தோம். முதல் தடவை ஓட்டில் பட்டுத் திரும்பி விழுந்தது. இரண்டாவது தடவை மேலேயே நின்றுவிட்டது. இந்த இடைவெளியில் இன்னொரு பல்லும் ஆட ஆரம்பித்துவிட்டது. அதையும் நான் இருக்கும்போதே விழ வைக்க வேண்டும் என்று நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள்.

கூடல்நகர் | 7 மே 2020, இரவு 8.30

அழகர் இன்று ஆற்றில் இறங்கவில்லை. மலையை விட்டே இறங்கவில்லை. மதுரைக்காரர்களுக்கு இது எப்படிப்பட்ட நாள் என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அம்மாவுக்கு நினைவு தெரிந்து ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. விடியற்காலை சர்க்கரைச் சொம்பைத் துலக்கி, நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடிச் சூடம் வைத்தார். மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்காது, இன்று ஏறினார். வடக்கே அழகர்மலை இருக்கிற திசையைப் பார்த்து, கையில் சொம்போடு கொஞ்ச நேரம் நின்றார். எதிர் மாடியிலும் இரண்டு பேர் சொம்போடு நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

நொய்யல் | 9 மே 2020, இரவு 11.30

மன்னிக்கணும். இனி இங்கே எழுதப் போவதில்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

நேற்று அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய பதினாறு பேர் மீது சரக்கு ரயில் ஏறிவிட்டது. ஊருக்கு நடந்தே போனவர்கள். என் ஆறு தம்பிகளும் அதைப் போனில் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவர்களுக்கும் ஊருக்குப் போகணும். ஒடிசா ரயிலுக்குப் பெயர் பதிந்து காத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் நான் ரொட்டி வட்டமாக வந்தது என்று எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாட்டில் ஜனங்கள் சோறில்லாமல் நடக்கிறார்கள். நாம் அம்மியும் சைக்கிளும் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் யாரையும் புண்படுத்த எழுதவில்லைங்க, எனக்கே எழுதிக்கொண்டது.

வாய்க்கால்மேடு | 10 மே 2020, காலை 6.10

அண்ணே, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஆறு பேருக்கும் நீங்கள்தான் இத்தனை நாளும் சோறு போட்டீர்கள். ரொட்டி போட்ட கதையை எழுதாமல் இருந்திருந்தால், அப்படி ஆறு பேர் திருப்பூரில் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. இப்போது அந்தத் தண்டவாளச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது உங்கள் பிள்ளைகள் நினைவுதான்.

பொருநை | 10 மே 2020, பிற்பகல் 3.20

நொய்யல் அண்ணாச்சி, நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

வார்டில் நான் பார்ப்பதை இங்கே ஒரு நாளும் எழுதியதில்லை, இப்போதும் எழுத மாட்டேன். உடையைக் கழற்றி, குளித்து, தலை காய்வதற்குள் நான் முதலில் திறப்பது இந்த இழையைத்தான். சிங்கப்பூர்த் தம்பி யாருக்கு முடி வெட்டினார், மதுரை அம்மா இன்று என்ன அரைத்தார், அந்தச் சென்னைப் பையன் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்டினான் என்று படித்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நோயாளிகளோடும் நான் பேசுவது இதைத்தான். மூச்சு வாங்கும் ஒருவரிடம் நோயைப் பற்றி என்ன பேசுவது? ‘வீட்ல மாடு எத்தனை? சின்ன மகன் என்ன படிக்கான்?’ இதைத்தான் கேட்பேன். பதில் சொல்லும்போது அவர்கள் முகம் மாறும். அந்த நேரத்துக்கு அவர் கட்டில் எண் இல்லை, மூன்று மாட்டுக்குச் சொந்தக்காரர்.

நடந்து போகிறவர்களுக்காக அழுவது வேறு, வட்டமான ரொட்டியை எழுதுவது வேறு. இரண்டுக்கும் உங்களிடம் இடம் இருக்கிறது. எழுதுங்கள், எனக்காகவாவது.

நொய்யல் | 10 மே 2020, இரவு 10.00

சரிங்க அக்கா.

கடல்தாண்டி | 12 மே 2020, அதிகாலை 1.45

பெண் குழந்தை!!! நேற்று இரவு 9.10க்கு. இரண்டு கிலோ 900 கிராம். இருவரும் நலம். மச்சான் வீடியோவில் காட்டினார். கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் என் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்பியது போல இருந்தது. அறையில் பன்னிரண்டு பேரும் முழித்திருந்தார்கள். மேல் கட்டிலிலிருந்து ஒருவர் ஊரிலிருந்து வந்த கடைசிக் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்துப் பன்னிரண்டாகப் பங்கு வைத்தார்.

கூடல்நகர் | 12 மே 2020, காலை 5.30

அம்மாவை எழுப்பிச் சொன்னேன். கேட்ட முதல் கேள்வி: ‘தலை நிறைய முடி இருக்கா?’ பதில் சொல்லுங்கள் தம்பி, காத்துக்கொண்டிருக்கிறார். கேசரி கிண்டப் போகிறார்.

கடல்தாண்டி | 12 மே 2020, காலை 6.00

இருக்கிறது அக்கா. சுருட்டை முடி.

கொத்தவால்சாவடி | 23 மே 2020, மாலை 4.40

நான் இருக்கிறேன்.

உங்கள் எல்லோருடைய பதிவையும் இன்று முழுக்க உட்கார்ந்து படித்தேன். என்னைத் தேடி எழுதியதையும் பார்த்தேன்.

தொண்டை கரகரப்பு என்று எழுதினேனே, அது விலை கத்தியதால் வந்ததில்லை. மே 3ஆம் தேதி தொற்று என்று முடிவு வந்தது. கோயம்பேட்டை 5ஆம் தேதி மூடினார்கள், அப்போது நான் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இருந்தேன். பொருட்காட்சி நடக்கும் பெரிய கூடம், அதில் வரிசை வரிசையாகக் கட்டில். பாதிப் பேர் மார்க்கெட் ஆட்கள்தான். லோடு இறக்குகிறவர், டீ கொடுக்கிறவர், லாரி டிரைவர், கண்ணால் பார்த்துப் பழகியவர்கள் எல்லாம். போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். அங்கே ஒருவர் போனில் தினமும் மாலை இரண்டு நிமிடம் மட்டும் வீட்டோடு பேசுவேன்.

எனக்குக் காய்ச்சல் இரண்டு நாள்தான். ஆனால் வாசனை போய்விட்டது. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் முப்பது வருடமாக மூக்கால் வியாபாரம் செய்கிறவன். விடியற்காலை இருட்டில் லாரி வந்து நிற்கும். கட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாலே போதும். மல்லி நேற்று பிடுங்கியதா, தண்ணீர் அடித்து எடை ஏற்றியதா, நடுக்கட்டு அழுகியிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே படிப்பு அது. அங்கே சாம்பாரும் சோப்பும் ஒன்றுபோலவே இருந்தன.

வீட்டுக்கு வந்து தனி அறையில் இருந்தேன். மனைவி தினமும் காலையில் கதவுக்கு வெளியே ஒரு கொத்து மல்லியை வைத்துவிட்டுப் போவாள். எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்ப்பேன். பச்சைக் காகிதம் மாதிரிதான். ஏழு நாள் இப்படி. நேற்று மத்தியானம் படுத்திருந்தபோது ஏதோ கரிந்த வாடை. எழுந்து உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் நின்று ‘பால் தீயுது, பால் தீயுது’ என்று கத்தினேன். மனைவி அடுப்பை அணைக்க ஓடவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழுகிறாள். பால் முழுக்கத் தீய்ந்து பாத்திரம் கருகிவிட்டது. அந்தப் பாத்திரத்தைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மல்லி இன்னும் வரவில்லை. இன்னொன்றும் எழுத வேண்டும். இருபது வருடமாக என் கடைக்கு மூட்டை இறக்கிய ஒருவர் போய்விட்டார். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. விடியும் முன்னால் அவர் போடும் முதல் டீயில் பாதி எனக்குத்தான். இங்கே எழுதினால் நீங்களும் அவரைத் தெரிந்துகொள்வீர்கள் என்று எழுதுகிறேன்.

பொருநை | 23 மே 2020, மாலை 5.15

அண்ணாச்சி… அவருக்குப் பிடித்தது எது? டீயைத் தவிர.

கொத்தவால்சாவடி | 23 மே 2020, மாலை 5.40

பழைய பாட்டு. மூட்டை தோளில் இருக்கும்போதும் பாடுவார், மூச்சு வாங்காது. எங்கே நிறுத்தினாரோ, மூட்டையை இறக்கிவிட்டு அதே வரியிலிருந்து தொடங்குவார்.

கடல்தாண்டி | 24 மே 2020, இரவு 10.20

அண்ணன் திரும்பி வந்ததில் சந்தோஷம். அந்தப் பாட்டுக்கார அண்ணனுக்காக வேண்டிக்கொண்டேன்.

இன்று பெருநாள். பள்ளிவாசல் இல்லை, விடுதியை விட்டு வெளியேயும் போக முடியாது. அறையில் ஐந்து பேர் வங்காளதேசத்துக்காரர்கள். காலையில் என் கட்டிலையும் பக்கத்துக் கட்டிலையும் சுவரோரம் தள்ளி, பெட்டிகளை மேலே ஏற்றி, தரையில் இடம் செய்து கொடுத்தோம். அவர்கள் தொழுது முடிக்கும்வரை நாங்கள் ஏழு பேரும் மேல் கட்டில்களில் கால்களை மடித்துக்கொண்டு சத்தம் இல்லாமல் இருந்தோம். முடிந்ததும் என் மகள் படத்தைப் பார்த்து அந்தத் தம்பி என்னவோ ஓதினான். கேட்டேன், நல்ல ஆயுசுக்கு என்றான்.

நொய்யல் | 2 ஜூன் 2020, இரவு 9.15

ஆறு தம்பிகளும் ரயில் ஏறிவிட்டார்கள். வழிக்கு நாற்பது ரொட்டி. எல்லாம் நானே போட்டது. எல்லாம் வட்டம். அதில் பெரியவன் ஸ்டேஷன் வாசலில் என் மெஷின் சாவி ஒன்றைக் காட்டினான், கழுத்துக் கயிற்றில் கோத்திருந்தான். ‘திரும்பி வரும்போது நானே திறப்பேன்’ என்றான். திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கூடல்நகர் | 9 ஜூன் 2020, இரவு 7.50

பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து. எல்லோரும் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20. மாலையிலிருந்து போன் ஓயவில்லை. பெரும்பாலும் சந்தோஷக் கூச்சல். ஒரே ஒரு மாணவி மட்டும் அழுதாள். அரையாண்டில் கணக்கில் 41. மூன்று மாதமாக வீட்டிலிருந்து தினமும் ஒரு பயிற்சி செய்து போனில் படம் எடுத்து அனுப்புவாள், நான் திருத்தி அனுப்புவேன். ‘இப்ப எழுதினா தொண்ணூறு எடுப்பேன் டீச்சர், யாருக்கும் தெரியாமப் போச்சே’ என்கிறாள்.

நான் ஒன்று செய்தேன். முழு வினாத்தாள் ஒன்றைக் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன். நாளை காலை 10 மணிக்கு வீட்டிலேயே எழுதுவாள், அவள் அம்மா கண்காணிப்பாளர்.

கூடல்நகர் | 11 ஜூன் 2020, இரவு 8.00

93.

வாய்க்கால்மேடு | 12 ஜூன் 2020, மாலை 6.45

வாழ்த்துகள் அந்தப் பிள்ளைக்கு! இன்று எங்களுக்கும் ஒரு தேர்வு முடிவு. மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். ஜூன் 12ஆம் தேதி, சொன்ன தேதியில். எட்டு வருடமாக இப்படி நடந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் அணையில் தண்ணீர் இல்லை என்று தள்ளிப்போகும், குறுவை நெல்லைப் போர்வெல் வைத்திருப்பவன் மட்டும் போடுவான். இந்த முறை அணையில் நூறு அடிக்கு மேல் நிற்கிறது. என் மகன் கல்லூரியில் படிக்கிறான், விவரம் தெரிந்த வயதில் அவன் ஜூனில் ஆற்றுத் தண்ணீர் பார்த்ததே இல்லை. நாற்றங்கால் தயார்.

கொத்தவால்சாவடி | 14 ஜூன் 2020, காலை 7.05

மல்லி வந்துவிட்டது.

பொருநை | 14 ஜூன் 2020, காலை 7.20

கண் கலங்கிவிட்டது அண்ணாச்சி. வார்டில் வாசனை தெரியாமல் இருக்கும் எல்லோரிடமும் இன்று உங்கள் கதையைச் சொல்லப் போகிறேன். பெயர் தெரியாது, கீரைக்காரர் என்று மட்டும் சொல்வேன்.

வாய்க்கால்மேடு | 2 ஆகஸ்ட் 2020, பகல் 11.00

ஆடிப்பெருக்கு இன்று. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால் படித்துறை வெறிச்சோடிக் கிடக்கிறது. திருவையாற்றில் ஆடிப் பதினெட்டுக்குப் படித்துறையில் ஆளே இல்லை என்றால் நம்புவீர்களா? நேற்று மாலையே ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டோம். அதற்கே மாலை போட்டு, காதோலை கருகமணி வைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். நடவு முடிந்து ஒரு மாதம் ஆகிறது, பயிர் பச்சைப் பிடித்து நிற்கிறது.

கடல்தாண்டி | 13 செப்டம்பர் 2020, இரவு 9.30

வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்று மகள் குப்புற விழுந்தாளாம்! மனைவி வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். லாரியில் போகும்போது பார்த்தேன். திரும்பிவிட்டுத் தலையைத் தூக்கி, கேமராவை முறைத்துப் பார்க்கிறாள். லாரியில் எல்லோருக்கும் போனைக் கொடுத்து அனுப்பினேன், திரும்பி வருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

கூடல்நகர் | 13 செப்டம்பர் 2020, இரவு 9.50

அம்மாவின் உத்தரவு: குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து கொடுக்க வேண்டும், அடுத்து வாசற்படி தாண்டும்போது தேங்காய். ஊரில் செய்யட்டும், எங்கள் வீட்டிலும் நாளை செய்கிறார். முழங்கால் வலி இருக்கிறதே என்றேன். உட்கார்ந்து பிடிக்கலாம் என்கிறார்.

நொய்யல் | 21 செப்டம்பர் 2020, காலை 8.40

இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். சாவிக்காரனும்தான். ஷட்டரை அவன்தான் திறந்தான், நான் தள்ளி நின்றேன். மற்ற நால்வரும் ஊரிலேயே இருக்கிறார்களாம், அங்கேயே வயல் வேலை.

கொத்தவால்சாவடி | 28 செப்டம்பர் 2020, காலை 6.50

கோயம்பேடு திறந்தாயிற்று.

மே 10இலிருந்து காய்கறி மார்க்கெட் திருமழிசையில் இருந்தது. தகரக் கொட்டகை, மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு. பழம் மாதவரத்தில், பூ வானகரத்தில் என்று மார்க்கெட்டே மூன்று திசையில் கிடந்தது. நேற்று இரவு பழைய இடத்துக்கே லாரி வந்தது. கடையைக் கழுவி, மஞ்சள் தெளித்து, சூடம் காட்டினோம். முதல் கட்டை மகன் கையில் கொடுத்தேன், ஆமாம், அவனையும் கூட்டிப் போயிருந்தேன். முகத்துக்கு நேரே பிடித்து முகர்ந்து பார்த்து, ‘நேத்துப் பிடுங்கினதுப்பா’ என்றான். சரியாகச் சொன்னான்.

விடியும் முன்னால் டீ வந்தது. வழக்கம்போல இரண்டு கிளாஸ் சொல்லிவிட்டேன். டீக்காரப் பையன் ஒன்றும் கேட்காமல் இரண்டையும் வைத்துவிட்டுப் போனான்.

மதுரை பஸ் ஓட ஆரம்பித்துவிட்டதே அக்கா, உங்கள் அம்மாவுக்கு ஒரு கட்டு மல்லி கொடுத்து அனுப்பட்டுமா? ஈரச் சாக்கில் சுற்றினால் காலையில் வாடாமல் வந்து சேரும்.

கூடல்நகர் | 28 செப்டம்பர் 2020, காலை 7.15

அனுப்புங்கள் அண்ணே. அம்மியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். கட்டு என்ன விலை என்று கேட்கச் சொல்கிறார்.

கொத்தவால்சாவடி | 28 செப்டம்பர் 2020, காலை 7.20

துவையல் எப்படி வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அதுதான் விலை.